பக்கத்து இருக்கை

இதய அறுவை சிகிச்சை முடிந்ததும், கொஞ்ச நாளைக்குக் கார் ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொன்னபோது கணக்காளருக்கு முகம் தொங்கிப்போனது. சிக்னல் பச்சையானால் முதலில் சீறிப் பாய்வது அவருடைய கார்தான். இப்போது மனைவி ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவாள். கார் தானாக உருண்டு போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் பச்சை விழுந்துவிடும்.

"இதுக்கு நடந்தே போயிருக்கலாம்," என்றார் ஒருநாள்.

"நடங்களேன். டாக்டரும் அதைத்தானே சொன்னாரு?"

அன்று மேட்டுச் சாலையில் முன்னால் ஒரு லாரி திணறியது. எதிரே வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு அவள் ஓர் அழுத்து அழுத்தினாள். கார் சிட்டாய்ப் பறந்து லாரியைத் தாண்டியதும் மறுபடி நிதானத்துக்கு வந்தது. அவர் அசந்துபோனார்.

"இவ்வளவு தெரிஞ்சுமா உருட்டிட்டு வந்தே?"

"வேணுங்கிற இடத்துல அழுத்தினா போதாதா? டேங்க் முன்ன மாதிரி சீக்கிரம் காலியாகுறதில்ல, கவனிச்சீங்களா?"

அவர் எட்டி பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.

தடை நீங்கி அவர் ஓட்டிய முதல் நாள், அவள் மருந்துக் கடைக்குள் போய்த் திரும்பினாள். அவர் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். இன்ஜினும் ஏசியும் ஓடவில்லை.

"என்னங்க, என்ன செய்யுது?" என்று பதறினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. காருக்குப் பின்னாடி, கடை வாசல் பெஞ்சுல ஒருத்தர் இருமிட்டு இருக்கார். நம்ம புகை நேரா அவர் மூஞ்சியிலதான் அடிக்குது. அதான் அணைச்சுட்டேன்."

அவள் தன் கைக்குட்டையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.