தோஹிரின் கையுறை

முக்கர்ரம் அன்று காலையிலிருந்து மூன்றாவது முறையாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தாஷ்கண்டில் உயிர்வேதியியல் ஆய்வகமொன்றில் பதினாறு வருடம் புரதங்களோடு மல்லுக்கட்டியவள். அங்கெல்லாம் வராத எரிச்சல், தங்கை ஒய்தின் வேலை செய்யும் செருப்புப் பட்டறையில் நின்றபோது வந்தது.

ஒய்தினின் விரல்களில் தொடங்கிய வெள்ளைத் திட்டுகள் மணிக்கட்டைத் தாண்டிவிட்டன. மீனையும் பாலையும் சேர்த்துத் தின்றதால் வந்தது என்று மாமியார் வீட்டில் தினமும் பேச்சு. முக்கர்ரமோ பட்டறையின் பசையை ஒரு சீசாவில் வாங்கிப் போய்ச் சோதித்துவிட்டாள்.

"நிறம் செய்யறதுக்குத் தோல்ல ஒரு புரதம் இருக்கு, தோஹிர் அகா. உங்க பசையில இருக்கற சரக்கு அதுல போய் ஒட்டிக்குது. அதோட உருவமே மாறிடுது. உடம்பு அதை வேத்தாள்னு நினைச்சு, நிறம் செய்யற உயிரணுவையே அடிச்சுக் கொல்லுது."

அவள் அகா, அதாவது அண்ணன், என்று மரியாதையாக அழைத்த முதலாளி தோஹிர் மேசையைப் பார்த்தபடி பேசினார். "பன்னெண்டு பேர் ஒட்டறாங்க. இவளுக்கு மட்டும்தானே வந்திருக்கு?"

"எல்லாருக்கும் வராது. உடம்புவாகு இருக்கறவங்களுக்குத்தான் வரும். எத்தனை தடவைதான் சொல்றது?"

"விடுக்கா," என்றாள் ஒய்தின். "வேலை போயிடும்."

ஜூலை மாதம். மின்விசிறியே அனல் காற்றைத்தான் அள்ளி வீசியது. தோஹிர் மட்டும் தோல் கையுறை போட்டிருந்தார். முக்கர்ரமின் பார்வை அதில் நின்றது.

"அதைக் கழட்டுங்க அகா."

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கையுறையை மட்டும் உருவினார். ஐந்து விரல்களும் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தன.

"ரெண்டு வருஷமாச்சு," என்றார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன். வெளிய தெரிஞ்சா எவன் வருவான்?"

"ரெண்டு வருஷமா தெரிஞ்சும் இவளை அதுலயே கை வைக்க விட்டீங்களா?"

"வேற எந்தப் பசை வாங்கறது? எழுதிக் குடும்மா," என்றார், மிகத் தணிந்த குரலில். திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் விழுங்கிக்கொண்டு முக்கர்ரம் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் புதுப் பசை வந்தது. பழையது சரியாக ஒட்டவில்லை என்றுதான் பட்டறையில் தோஹிர் சொன்னாராம். ஒய்தினைத் தையல் பக்கம் மாற்றினார்கள். இலையுதிர்காலம் வரை புதுத் திட்டு எதுவும் வரவில்லை. பழையவை அப்படியே இருந்தன.

"உண்மையைச் சொன்னா என்ன குறைஞ்சிடும் அந்த மனுஷனுக்கு?" என்று முக்கர்ரம் இன்னும் பொருமுகிறாள். ஒய்தின் அதைக் காதில் வாங்குவதேயில்லை.