மண் புகாத பெட்டி

என் மனைவி ஜான்சி செத்து இரண்டு வருஷமும் ஒரு மாதமும் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில், அவளைத் தோண்டி எடுக்க வரச்சொல்லி எனக்குப் போன் வந்தது.

பம்பாயில் செத்தவர்களுக்கும் வாடகை வீடுதான். தேவ்நார் பக்கம் இருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழி இரண்டு வருஷத்துக்குத்தான் சொந்தம். அதற்குப் பிறகு திறந்து எலும்பைப் பொறுக்குவார்கள். மாடம் வைத்திருக்கும் குடும்பம் என்றால் மதில் சுவரில் உள்ள மாடத்தில் வைத்து மூடுவார்கள். இல்லாதவர்கள் எலும்பு பின்னாலிருக்கும் பொதுக் கிணற்றுக்குப் போகும். காலியான குழிக்கு அன்று சாயங்காலமே அடுத்த ஆள் வந்துவிடுவார். திருநெல்வேலியில் போய் இதைச் சொன்னால் என்னைக் கிறுக்கன் என்பார்கள்.

எங்களுக்கு மாடம் இருந்தது. அதில் என் மகள் அம்மு இருந்தாள். தாராவியில் பத்துக்குப் பத்து ரூமில் நாங்கள் கிடந்த காலத்தில், நாலு வயதில், மஞ்சள் காமாலையில் போனாள். பெட்டி வாங்க அன்றைக்கு வக்கில்லை. ஜான்சி தன் பருத்திச் சேலையை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியில் பிள்ளையைச் சுற்றிக் கொடுத்தாள். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தபோது சுத்தமான எலும்பு. ஜான்சியே அதைக் கழுவித் துடைத்து, சேலையின் மறுபாதியில் முடிந்து, தகர டப்பாவில் வைத்து மாடத்தில் ஏற்றினாள். நான் கேட்டுக்கு வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியமெல்லாம் எனக்குக் கிடையாது.

மாடத்துக்கு முப்பது வருஷத் தவணை. அதற்குள் அதே வீட்டிலிருந்து இன்னொருவர் எலும்பு வந்தால் இன்னும் முப்பது வருஷம் கிடைக்கும். வராவிட்டால் மாடம் வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்துக்கு, உள்ளே இருப்பது கிணற்றுக்கு. எங்கள் தவணை இந்த ஈஸ்டரோடு முடிகிறது. ஜான்சிக்கு அந்தத் தேதி என் பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருக்கும். "நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் அதுக்கு முன்ன போயிரணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சொன்னபடியே போனாள். புற்றுநோய்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கேருங்க, எனக்குப் பெட்டி வேண்டாம். பிள்ளைக்குச் சுத்துனாப்புல ஒரு பருத்திச் சேல போதும். அப்பந்தான் வெரசா மண்ணாவேன். அம்முகிட்ட போயிருவேன்."

"சரி" என்றேன்.

அவள் அப்படிக் கேட்டது அந்த ஒன்றைத்தான். நான் அதைச் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்றால், அதற்குள் நான் பெரிய மனிதனாகிவிட்டிருந்தேன். பழைய பிளாஸ்டிக்கை வாங்கி, அரைத்து, உருக்கி, குருணையாக விற்கிற தொழில். தாராவியில் ஒரு மிஷினில் ஆரம்பித்தது ஏழு மிஷினாகி, செம்பூரில் பதினோராவது மாடியில் வீடாகி, கோயிலில் முதல் பெஞ்சாகி நின்றது. சாவுக்குத் தூத்துக்குடியிலிருந்தும் சூரத்திலிருந்தும் ஆட்கள் வரப்போகிறார்கள். ராஜகுமார் பெண்டாட்டியைத் துணியில் சுற்றி அனுப்பினான் என்று நாலு பேர் பேசிவிட்டால்? அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடையிலேயே விலை கூடிய பெட்டியை எடுத்தேன். ஃபைபர் பெட்டி, மூடியைச் சுற்றி ரப்பர், உள்ளே மெத்தை, சாட்டின் துணி. "காத்துகூடப் போகாது சேட், ஐம்பது வருஷம் அப்படியே இருக்கும்" என்று கடைக்காரன் இந்தியில் சொன்னான். அதைப் பெருமை என்று நினைத்துத் தலையாட்டிய மடையன் நான். ஜரிகைப் பட்டு, நைலான் கையுறை, தலையைச் சுற்றி பிளாஸ்டிக் ரோஜா. சபைச் செயலாளர் குணசிங் அண்ணாச்சி காதோடு சொன்னார்: "தம்பி, பெட்டி வேண்டாம், மக்காதுன்னு சபையில சொல்லியிருக்கமே." "எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு பொம்பள அண்ணாச்சி, சிறப்பா போகட்டும்" என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை, குழிவெட்டும் பேச்சிராஜா எனக்காகக் காத்திருந்தான். சங்கரன்கோயில் பக்கத்துக்காரன். திருநீறு பூசிக்கொண்டு இருபது வருஷமாகக் கிறிஸ்தவர்களைப் புதைக்கிறவன். மண்ணை அள்ளிவிட்டு உள்ளே இறங்கி, கம்பியால் மூடியை நெம்பினான். ஒரு சாண் திறந்தது. உடனே மூடினான்.

"அண்ணாச்சி, இங்கன வராதிய."

"ஏன்?"

"மதினி அப்படியே இருக்காவ." கம்பியை மண்ணில் குத்தி நிறுத்தினான். "பூ கூட வாடல."

வராதே என்றால் வரத்தானே செய்வோம். குனிந்து பார்த்தேன். இடுக்கில் சிவப்பு ரோஜாக்கள், அன்று வைத்த நிறம் குறையாமல். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கையுறை. உள்ளே கை இருந்தது. நான் பின்னால் நகர்ந்து, யாரோ ஒருவருடைய குழிமேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் ஆவும், மூணும் ஆவும். மண்ணு உள்ள போனாத்தான அதோட வேலையச் செய்யும்?" என்றான் பேச்சிராஜா. அவன் குற்றம் சொல்லவில்லை. மழைக்குக் குடை வேண்டும் என்பதுபோலச் சொன்னான். ஈஸ்டருக்கு இருபது நாள் இருந்தது.

எழுந்து கல்லறைத் தோட்டத்து ஆபீஸுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி பணம்தான். குணசிங் அண்ணாச்சியிடம், மதில் முழுவதற்கும் கிரானைட் போட்டுத் தருகிறேன், தவணையை மட்டும் நீட்டுங்கள் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் எழுந்து பின்னாலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு இருந்தது. அதை என் கையில் கொடுத்தார். இரண்டு கிலோ அரிசியின் கனம்கூட இருக்காது.

"யாருன்னு தெரியுதா? தாராவியில இட்லி சுட்டு விக்காளே கோகிலவாணி, அவ புருஷன். பழைய வேட்டியில சுத்திக் கொண்டாந்தா. ரெண்டு வருஷத்துல மண்ணு தன் வேலைய முடிச்சிட்டு. எட்டு மாசமா இந்த அலமாரியில மாடத்துக்குக் காத்துக் கிடக்கான். உங்க தவணைய நீட்டுனா அவகிட்ட நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

முடிச்சை மெதுவாக மேஜையில் வைத்தேன். அந்த ஆளுக்குப் போக இடமில்லை, ஆனால் போகத் தயாராக இருந்தான். என் மனைவிக்குப் பிள்ளை பக்கத்தில் இடம் இருந்தது. போக முடியாதபடி நான் மெத்தை போட்டு, ரப்பர் வைத்து அடைத்திருந்தேன்.

போன மாதம், லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை, போதகர் என் நெற்றியில் சாம்பல் தொட்டு, மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே போகிறாய் என்றார். தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அது இரண்டாவது பெஞ்சுக்காரனுக்கு என்று நினைத்துத்தான் கேட்டேன். இயேசுவுக்கே இரவல் கல்லறைதான் கிடைத்தது. என் பெண்டாட்டிக்கு அது போதாதென்று நான் முடிவுசெய்தேன். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"மாடத்தைக் கோகிலவாணிக்குக் குடுத்திருங்க அண்ணாச்சி. அம்முவ நான் எடுத்துக்கிடுதேன்."

"எங்க கொண்டு போவிய?"

"அவ அம்மகிட்ட."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் குழியை அடுத்து தொறக்கும்போது ரெண்டு பேரும் கிணத்துக்குத்தான் தம்பி போவணும். பேரு இருக்காது."

"இருக்காண்டாம்."

மாடத்து மூடியைப் பேச்சிராஜா பெயர்த்தான். டப்பா துருப்பிடித்து உதிர்ந்தது. உள்ளே அந்த மறுபாதிச் சேலை, கரை வெளிறி, முடிச்சு அவிழாமல். முப்பது வருஷத்துக்கு முன்னால் தொட மறுத்ததை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குழிக்கு வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பேச்சிராஜா தடுக்கவில்லை. முகத்தில் கட்டிக்கொள்ளத் தன் துண்டைக் கொடுத்தான்.

மூடியை உடைத்தோம். மெத்தையையும் சாட்டினையும் கிழித்து எடுத்தோம். ரோஜாக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கையுறைகளை நானே கழற்றினேன். அந்தக் கைகளைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன். பெட்டியின் அடியில் அவன் கம்பியால் ஏழெட்டு இடத்தில் ஓட்டை போட்டான். சேலை முடிச்சை அவள் நெஞ்சின்மேல் வைத்து, அந்தக் கைகளில் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தேன். முதல் மண்ணைக் கையால் அள்ளி நானே போட்டேன். "ஜான்சி, தப்பு பண்ணிட்டேன்" என்று சொன்னேன். பேச்சிராஜா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

எல்லாம் மூடி முடிந்தபோது மேலே ஒரு சாக்கு நிறைய ரோஜாவும் மெத்தையும் கையுறையும் கிடந்தன.

"இத என்ன செய்ய அண்ணாச்சி?"

"குடு. என் சரக்குதான்."

சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போது முலுண்டிலிருந்து மகன் முகேஷ் கூப்பிட்டான். "பப்பா, ஹோ கயா? எல்லாம் முடிஞ்சுதா? மார்பிள்வாலா வெயிட் பண்றான். மம்மி பேரு இங்கிலீஷ்லயா தமிழ்லயா?"

"பேரு வேண்டாம்ல. அவன வேற வேல பாக்கச் சொல்லு."

"ஏன் பப்பா, க்யா ஹுவா?"

வீட்டுக்கு வா, நேரில் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் ஜெப வேளையில் ஹாலில் தனியாக முழங்கால் போட்டேன். இந்த ஹாலுக்காக ஜெபித்திருக்கிறேன். மிஷினுக்காக, லைசென்ஸுக்காக, சரக்கு விலை ஏறுவதற்காக முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தால் வேறு எதுவும் வரவில்லை. கர்த்தாவே, என் ஜான்சியைச் சீக்கிரம் மண்ணாக்கும் என்றேன். எனக்கென்று ஒன்றும் கேட்காமல் நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.