தீப்பிடித்தால் துரை முதலில்

சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: கீழே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால், வருகிற தைப்பூசத்துக்கு என்னைப் பத்துமலைப் படியில் ஏறவிடாமல் அந்த முருகனே தடுக்கட்டும். முட்டிவலியால் நான் எப்படியும் ஏறுவதாக இல்லை. அது வேறு விஷயம்.

ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு நான் கிள்ளானில் ஒரு ரப்பர் ஏஜென்சி ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கிராணிகளிலேயே கடைசிக் கிராணி. ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைவரிசையில், மேல்மாடியில் ஆபீஸ். அந்த ஆபீசில் மூளைக்குத் தட்டுப்பாடு இருந்ததே தவிர மரியாதைக்குத் தட்டுப்பாடே இல்லை. எங்கள் வெள்ளைக்காரத் துரை எழுந்தால் எல்லோரும் எழுவோம். துரை தும்மினால் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைப்போம். சாயங்காலம் துரை படியிறங்காமல் யாரும் மேசையைப் பூட்டுவதில்லை. துரையும் தம் தொப்பியைத் தாமே தொடமாட்டார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவருக்கு முன்னால் படியிறங்கிப் போய் வண்டியடியில் நிற்பது கன்னையாவின் வேலை.

அது அவனுக்கு உபரி வேலை. அசல் வேலை பங்கா இழுப்பது. கூரையிலிருந்து தொங்குகிற அந்த நீளத் துணி விசிறியின் கயிறு, சுவரிலிருந்த ஓட்டை வழியாகப் பின்னால் ஒரு பொந்து போன்ற அறைக்குள் போகும். கன்னையா அங்கே மல்லாந்து படுத்து, கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி, தூங்கிக்கொண்டே இழுப்பான். அந்தப் பொந்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வரவேண்டுமென்றால் ஆபீசுக்குள் புகுந்துதான் வரவேண்டும். இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆபீசில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

எங்களை ஆண்டவர் பெரிய கிராணி சபாபதி. கோட்டு, பஞ்சகச்சம், பெரிய தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. கழற்றினால் கீழே ஒன்றும் இருக்காதோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம்.

ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் வந்தார். அறை முழுக்க ரப்பர் ஷீட்டு மாதிரிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்து, ஒரு பொறி விழுந்தால் போதும், உங்கள் ஆட்களுக்கு ஏதாவது பழக்கி வையுங்கள் என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். துரை சபாபதியிடம் சொன்னார். சபாபதியிடம் சொன்னால் எந்தக் காரியமும் திருவிழாவாகிவிடும்.

முதலில், தீயணைக்க மணல் வாளிகள் வந்தன. வாளிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். கிராணிகள் வெற்றிலை போட்டு அதில் துப்பித் துப்பி, ஒரு வாரத்தில் மணலும் வாளியின் நிறத்துக்கே வந்துவிட்டது. சபாபதிக்குக் கோபம் வந்தது. மணலைக் கழுவினார். ஆமாம், மணலைத்தான். மொட்டைமாடியில் காயவைத்து, சலித்து, வாளிகளில் நிரப்பி, துரை அறை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் துரையிடம் ஒப்படைத்தார். அதற்குப் பிறகு தீயணைக்கும் மணல் மிகப் பத்திரமாக இருந்தது.

அடுத்தது வரிசை. சனிக்கிழமைதோறும் பயிற்சி. சபாபதி மணியடிப்பார், எல்லோரும் வாசலில் வரிசையாக நிற்கவேண்டும். துரை முதலில். அவருக்குப் பின்னால் சபாபதி. அப்புறம் இரண்டாவது கிராணி லெஸ்லி. பிறகு சம்பளப்படி மற்றவர்கள், கடைசியாக நான். எனக்குப் பின்னால் துரையின் பூனை. பூனைக்குப் பின்னால் கன்னையா. முன்னால் இருப்பவர் வாசலைத் தாண்டாமல் பின்னால் இருப்பவர் காலைத் தூக்கக்கூடாது. மெத்தப் படித்தவர்கள் எல்லோரும் இதை வாரா வாரம் செய்தோம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கன்னையாவின் மனைவி பவுனம்மாள் கீழே கடைவரிசை நடைபாதையான அஞ்சடியில் ஆப்பக்கடை போட்டிருந்தாள். வரிசை விவகாரம் காதில் விழுந்ததும் கரண்டியோடு மாடியேறி வந்தாள்.

"ஏன் ஐயா, தீப்பிடிச்சா எங்க வீட்டுக்காரரு பூனைக்குப் பின்னாலயா?"

"அது துரை பூனைம்மா," என்றார் சபாபதி.

"பூனைக்கு ஜன்னல் வழியா குதிக்கத் தெரியும். இந்த மனுசனுக்கு எழுப்பிவிட்டாத்தானே எந்திரிக்கவே தெரியும்."

"பதட்டப்படாதே. தீ ஒழுங்கா வந்தா எல்லாரும் ஒழுங்கா போயிடலாம்."

"ஒங்க தலைப்பாவைக் கேட்டுக்கிட்டா தீ வரும்? அந்த மனுசன் கருகுனாருன்னு வைங்க, நான் நேரா ஒங்க வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவேன், பாத்துக்குங்க."

சபாபதி தம் மேசைக்குத் திரும்பினார். சம்பளம் வாங்காதவர்களோடு அவர் அதிகம் பேசுவதில்லை.

இப்படி இருக்கையில் துரை ஆறு மாச லீவில் சீமைக்குக் கப்பலேறினார். மணல் அலமாரிச் சாவி அவர் சட்டைப்பையிலேயே கப்பலேறியது. வரிசையில் முதல் இடம் காலி. சனிக்கிழமைப் பயிற்சியைத் துரை வரும்வரை நிறுத்திவைத்தார் சபாபதி. துரை இல்லாமல் தீப்பிடிப்பது முறையல்ல என்பது அவர் கருத்து.

தீ வைத்தவரும் அவரே. ஒரு மத்தியானம், மாதிரிப் பொட்டலங்களுக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். அரக்கு சொட்டி, மெழுகுதிரி சாய்ந்து, ஒரு ரப்பர் ஷீட்டு பிடித்துக்கொண்டது. ரப்பர் எரிந்தால் கொழுந்து கொஞ்சம்தான், புகைதான் கன்னங்கரேலென்று வரும். சபாபதி மணியை எடுத்து நிதானமாக அடித்தார். நாங்கள் வரிசையில் நின்றோம். பின்னால் பொந்துக்குள் கன்னையா தூங்கிக்கொண்டே இழுத்தான். பங்கா அசைந்தது. தீக்கு நல்ல காற்று கிடைத்தது.

வரிசை நகரவில்லை.

"ஐயா, போங்க லா," என்றார் லெஸ்லி.

"எப்படிப் போறது? துரை இன்னும் போகலையே," என்றார் சபாபதி.

"துரை சீமையிலல்லவா இருக்காரு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

சீமைக்குத் தந்தி அடித்து உத்தரவு வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் தபாலாபீசுக்குப் போகிறவர் துரைக்கு முன்னால் வாசலைத் தாண்டவேண்டுமே. எனவே அதைக் கைவிட்டோம். பூனைக்குத் தந்தியில் நம்பிக்கை இல்லை. ஜன்னல் வழியாகக் குதித்துப் போய்விட்டது. அதைப் பின்பற்ற எங்களில் யாருக்கும் சம்பளம் போதவில்லை.

புகை பின்பக்கமாகத் திரண்டு, சுவர் ஓட்டை வழியாகப் பொந்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. உள்ளே இருமல் கேட்டது. சபாபதி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வெக்கையா இருக்கு. ஏ கன்னையா, நல்லா இழு," என்றார்.

அவன் நல்லா இழுத்தான். தீ ஆள் உயரம் எழுந்தது.

கீழே தெருவில் கூட்டம் கூடிவிட்டது. தீயணைக்கிற பொம்பாக்காரர்கள் தண்ணீர் வண்டியோடு வந்து, துரை எங்கே, துரை சொன்னால் அடிக்கிறோம் என்று நின்றார்கள். நாங்கள் மட்டும்தான் முட்டாள்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். பவுனம்மாளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது.

"யோவ் கிராணியாரே, எம்புருசன் எங்க? பூனை வந்திருச்சு, அவரு எங்க?"

அந்தக் குரலுக்குப் பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. துரை இல்லாவிட்டால் என்ன, அவர் விட்டுப்போன ஆபீஸ் தொப்பி ஆணியில் தொங்குகிறதே, சாயங்காலம் தொப்பி போகாமல் துரை போனதுண்டா என்று கேட்டுவைத்தேன். சபாபதி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அங்கிருந்த பதினாறு வருஷத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார். தொப்பி இருக்குமிடம் துரை இருக்குமிடம் என்று ஒத்துக்கொண்டார்.

லெஸ்லி எட்டித் தொப்பியை எடுக்கப் போனார். சபாபதி அவர் கையைத் தட்டிவிட்டார்.

"கையை எடு. துரை தொப்பியை நீ தொடலாமா? அதுக்கு ஆள் இருக்கு."

ஆள் யார்? கன்னையா. ஆபீஸ் எரிகிறபோதும் அந்தத் தொப்பியைக் கன்னையாதான் தூக்கவேண்டும். சபாபதியின் வாழ்நாளில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதுவும் அவருக்குத் தெரியாமல் நடந்தது.

"கன்னையா, துரை புறப்படுறாரு," என்று கூப்பிட்டார்.

தீ, புகை, மணி, பெண்டாட்டியின் கூச்சல் எதற்கும் எழுந்திருக்காத கன்னையா அந்த வார்த்தைக்கு எழுந்தான். பழக்கம். கயிற்றைக் கால்விரலிலிருந்து உதறிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டே புகைக்குள் நடந்து வந்தான். தீயைப் பார்த்தானா என்பதே சந்தேகம். தொப்பியை ஆணியிலிருந்து எடுத்தான், மேலிருந்த கரியைத் தன் துண்டால் தட்டினான், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசையைக் கடந்து வாசலைத் தாண்டினான். எல்லோருக்கும் முன்னால். அவனுக்குப் பின்னால் சபாபதி. அப்புறம் லெஸ்லி. சம்பளப்படி நாங்கள். பொம்பாக்காரர்கள் தொப்பிக்குச் சலாம் வைத்தார்கள்.

துரை வண்டி வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்ற கன்னையா தொப்பியை நீட்டிக்கொண்டு வண்டியைத் தேடினான். பவுனம்மாள் ஓடிவந்து, அவன் முகத்தை முந்தானையால் துடைத்து, உயிரோடுதான் இருக்கிறானா என்று கிள்ளிப் பார்த்தாள். அப்புறம் சபாபதியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னா கிராணியாரே, எங்க வீட்டுக்காரரு பின்னாலயா வந்தீங்க?" என்று தெருவே கேட்கக் கேட்டாள்.

மேலே பங்கா நின்றுபோயிருந்தது. காற்று இல்லாமல் தீக்கு அலுத்துவிட்டது. இரண்டு மேசையையும் ஒரு தலைப்பாகைப் பெட்டியையும் தின்றுவிட்டுத் தானே படுத்துக்கொண்டது. மணல் அலமாரிக்கு ஒரு கீறல் இல்லை.

துரை திரும்பி வந்ததும் சபாபதி கைகட்டி நின்று, தங்கள் தலைமையில் எல்லோரும் பத்திரமாக வெளியேறினோம் என்று சொன்னார். துரை கொஞ்ச நேரம் யோசித்தார். தாம் அன்று மிகத் துணிச்சலாக நடந்துகொண்டதாக அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும். பரவாயில்லை, யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். வரிசையும் திருத்தப்பட்டது. அன்றுமுதல் தொப்பி முதலிடம், தொப்பியோடு கன்னையா. பூனை பழைய இடத்திலேயே இருந்தது. கன்னையா வயசாகி ஓயும்வரை அந்த ஆபீஸ் படியில் அவனுக்கு முன்னால் ஒருவரும் இறங்கவில்லை.

நான் அந்த ஆபீசில் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷமே பங்காவைக் கழற்றிவிட்டு மின்சார விசிறி மாட்டிவிட்டார்கள்.