வடக்குப்பட்டு நாகப்பன் கொடுத்த கம்ப்யூட்டர்

வாலாஜாபாத்தில் ஒரு காதுகுத்துப் பந்தி. நாகப்பன் இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள் முனியம்மாள், பக்கத்து இலைக்காரியிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் காதில் மட்டுமா விழுந்தது?

"சீரு சீருன்னு மேளம் அடிச்சிக்கினு எடுத்தாந்தாங்க. அந்தக் கம்ப்யூட்டரு கீதே, பத்து நிமிசம் ஓடுனா நின்னு நின்னு மூச்சு வாங்குது. எங்கருந்து பழசப் புடிச்சாந்தாங்களோ, எம்புள்ள இன்னிய வரைக்கும் ஒரு ஆட்டம் உருப்படியா ஆடல."

"கட்டிக் குடுத்த பொண்ணாவது புதுசா?" என்று ஒருத்தி கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நாகப்பன் பாயசம் வரைக்கும் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டுத்தான் எழுந்தார். பாதியில் எழுந்தால் காதில் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்தும் மனைவி சுந்தராம்பாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழசு கொடுத்தார் என்ற பேச்சு அவர் வம்சத்தில் யார் மேலும் விழுந்ததில்லை. மகள் காவேரியைக் குன்றத்தூரில் கொடுத்தபோது மாப்பிள்ளை வசந்தகுமார் பைக் கேட்கவில்லை, சங்கிலி கேட்கவில்லை. ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிற பையன். "கேம் ஆடற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் இருந்தா போதும் மாமா" என்றான். வளர்ந்த ஆண்பிள்ளை விளையாட்டுச் சாமான் கேட்கிறானே என்று நாகப்பனுக்குப் பட்டது. ஆனாலும் மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட பொருள். வாலாஜாபாத்தில் எழிலரசன் கடையில் ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தையும் தன் கண் எதிரில் பெட்டி பிரித்துப் பூட்டவைத்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள், லாரிகளுக்கு எழுத்து ஒட்டும் ஆளை மண்டபத்துக்கே வரவழைத்து அதன் முன்பக்கம் முழுக்கத் தன் பெயரையும் ஒட்டவைத்தார். அண்ணன் மகளுக்கு அவர் கொடுத்த ஃபிரிட்ஜை வேறு ஒருத்தன் கொடுத்ததாக ஊர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயர் போடாததால் வந்த வினை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாகங்கள் வந்த காலி அட்டைப்பெட்டிகளை எல்லாம் பரண்மேலிருந்து இறக்கி, ஒரு அரிசிச் சாக்கில் கட்டி, பஸ் ஏறிக் குன்றத்தூருக்குப் போனார்.

கதவைத் திறந்தது முனியம்மாள். சாக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்கண்ணா. அறுப்பு அரிசியா?"

"அட்டப்பொட்டி" என்றார் நாகப்பன். உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்துத் தரையில் வரிசையாக வைத்தார். "சீல் உடைச்ச தேதி எல்லாத்துலயும் எழுதி வெச்சிருக்கறேன். பழசுக்குப் பொட்டி இருக்காது."

காதுகுத்துப் பந்தி முனியம்மாளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். டீ வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கூடத்து மூலையில் மேசைமேல் இருந்தது கம்ப்யூட்டர். கறுப்புப் பெட்டி, முன்பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை மூடிய ஒரே ஸ்டிக்கரில் தங்க நிற எழுத்து. *வடக்குப்பட்டு நாகப்பன் – சுந்தராம்பாள் அன்பளிப்பு.* ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை. நல்ல வேலைக்காரன்தான் என்று நாகப்பன் நினைத்துக்கொண்டார்.

"ஓட்டிக் காட்டுங்க மாப்ள."

வசந்தகுமார் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். காவேரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இப்ப இன்னாத்துக்கு மாமா? நெட்டுல கூட ஆடற பசங்களே அதுக்குப் பழகிட்டானுங்க. நான் நின்னுட்டேன்னா கேம்ல எனக்காக ஒரு மரத்தாண்ட காத்துக்கினு நிப்பானுங்க."

"ஓட்டுங்க."

ஓட்டினான். திரையில் ஒரு மலைப்பாதை, அதில் ஒரு கார். கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டுதான் போயிற்று. நாகப்பன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நிமிஷத்தில் கார் நின்றது, தாவியது, மறுபடி நின்றது. பள்ளத்தில் விழுந்த பிறகுதான் விழப்போகும் வளைவைக் காட்டியது.

"இதான் மாமா."

நாகப்பன் எழிலரசனுக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். எழிலரசன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தான். டிரைவர் சாஃப்ட்வேர் புதுசு போட்டாச்சா? போட்டாச்சு. விண்டோஸ் அழிச்சிட்டு மறுபடி போட்டுப் பாத்தீங்களா? ரெண்டு வாட்டி. ராம் மெமரியக் கழட்டித் தொடச்சி மாட்டுங்களேன். செஞ்சாச்சு. மானிட்டர் வயரு கிராபிக்ஸ் கார்டுலதான மாட்டியிருக்கு? அதுலதான். கேம்ல படத்தோட தரத்தக் கொறச்சி வெச்சா? கொறச்சாலும் பத்து நிமிசம் கூட வருது, அவ்ளோதான்.

மாப்பிள்ளையின் பதில்கள் எல்லாம் கேள்வி முடிவதற்கு முன்பே வந்துகொண்டிருந்தன. பாடம் ஒப்பிக்கிற மாதிரி. நாகப்பன் அதைக் கவனித்தார்.

"சரி, சூடு எவ்ளோ காட்டுது?"

வசந்தகுமார் திரையின் ஓரத்தைப் பார்த்தான். "தொண்ணூத்தி நாலு."

"அதான் தலைவரே. சூடு ஏறுனா அது தானா வேகத்தக் கொறச்சிக்கும், அப்பதான் இப்பிடித் திக்கும். ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"சைடு மூடியக் கழட்டிட்டு ஓட்டிப் பாத்தீங்களா?"

"கழட்டுனா நல்லாத்தான் ஓடுது. அம்மா, பல்லி பூந்துடும்னு மூடி வெச்சிடுது."

"அப்ப காத்து உள்ள போவலன்னு அர்த்தம். அந்த கேபினெட்டுப் பொட்டிக்கு முன்பக்கம் பூராவும் வலைதான், அது வழியாத்தான் காத்தை இழுக்கும். முன்னாடி எதனா மறைச்சிக்கினு கீதா?"

அடுப்படியில் டீ கொதிக்கிற சத்தம் கேட்டது. காவேரியின் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது.

"ஹலோ? முன்னாடி எதனா—"

"இல்லண்ணே" என்றான் வசந்தகுமார். "முன்னாடி ஒண்ணும் இல்ல."

நாகப்பன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தார். குனிந்து, புறங்கையைத் தன் பெயருக்கு முன்னால் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தார். காற்றே இல்லை. பின்பக்கம் கையைக் கொண்டுபோனார். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி அடித்தது.

"அப்புறம் பேசறேன் எழிலு" என்று ஃபோனை வைத்தார்.

வெட்கம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தார். அதுவும் வரவில்லை. 'வ' எழுத்தின் மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் கிளப்பினார்.

"அப்பா, வாணாம்பா." காவேரி எழுந்து வந்துவிட்டாள். "ஓரத்துல கொஞ்சம் வெட்டிக்கலாம். பேரு அப்பிடியே இருக்கட்டும்."

"பாதிப் பேரு என்னா பேரு?"

தடித்த ஸ்டிக்கர். லாரிக்கு ஒட்டுவது, மழைக்கும் வெயிலுக்கும் அசையாதது. ஒரே இழுப்பில் வரவில்லை. ஊர் முதலில் வந்தது. அப்புறம் சுந்தராம்பாளில் பாதி வந்தது. வசந்தகுமார், "நான் எடுக்கறேன் மாமா" என்று நாற்காலியை விட்டு எழுந்தான். நாகப்பன் தலையை மட்டும் ஆட்டினார். அவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான். பிசின், வலையின் சிறு கண்களில் அப்பிக்கொண்டு நின்றது. காவேரி போய், தேங்காயெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவந்து வைத்தாள்.

டீத் தட்டுடன் வந்த முனியம்மாள் அப்படியே நின்றாள். "இன்னாண்ணா இது, பேரைப் போய்க் கிழிச்சிக்கினு."

நாகப்பன் துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பொருள்ல கொறை இல்ல தங்கச்சி. நான் ஒட்டுன பேருதான் அதும் மூக்க அடைச்சிக்கினு கிடந்துது. தப்பு என்னுது. அன்னிக்குப் பந்தியில நாலு பேரு எதிர்ல சொன்னீங்க. அதே நாலு பேருகிட்ட இதையும் சொல்லிடுங்க. நாகப்பன் பழசு குடுக்கல, புத்தி கெட்டுப்போய்ப் பேர ஒட்டிட்டான்னு சொல்லுங்க. அதுக்கு அவங்க சிரிக்கட்டும்."

முனியம்மாள் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு அட்டைப்பெட்டியின்மேல் வைத்தாள். "நான் ஏதோ வாய் தவறி..." என்றவள் மகனைப் பார்த்து, "ஏன்டா, உனுக்குத் தெரியாதா இது?" என்றாள்.

வசந்தகுமார் விளையாட்டைத் திறந்துகொண்டிருந்தான். "ஓடுதான்னு பாக்கலாம் இரும்மா."

கார் மலைப்பாதையில் ஏறியது. பன்னிரண்டாம் நிமிஷம் கடந்தது. இருபது கடந்தது. எழுபத்தி ரெண்டு, எழுபத்தி மூணு என்று வசந்தகுமார் நடுநடுவே சூட்டைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். அந்தக் கார் எங்கே போகிறது, போய் என்ன செய்யும் என்று நாகப்பனுக்குப் புரியவில்லை. அரைமணி நேரம் முடிகிறவரை உட்கார்ந்து பார்த்தார். ஒருதரம்கூட நிற்கவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்தார். சூடாக இருந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

பஸ் ஸ்டாப் வரை காவேரி கூட வந்தாள். கல்யாணத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூரில் ஃபோன் தயாரிக்கிற கம்பெனியில் இரண்டு வருஷம் டெஸ்டிங்கில் நின்றவள் அவள். எது சூடானால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது நாகப்பனுக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

"எப்ப தெரிஞ்சிது உனக்கு?"

"மொத வாரமே."

"மாப்ளைக்கு?"

"அவருக்கும்தான். பிச்சிடலாம்னாரு. எங்கப்பா பேரு மேல கை வெக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "அதுலருந்து அவரு கேக்கவே இல்ல" என்றாள்.

"உங்க மாமியாகிட்ட?"

"சொன்னா அதையும்தான் பந்தியில சொல்லும்."

"ஆறு மாசமா எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தியா?"

வாலாஜாபாத் பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. பெட்டிகளைத் திரும்பக் கட்டிய சாக்கை அவள் தூக்கிக் கொடுக்க வந்தாள். அவர் தானே எடுத்துக்கொண்டார். பெட்டிகளுக்கு நடுவில், சுருட்டிப் போட்ட பெயரும் கிடந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை என்று சொல்ல முடியாது. மனம் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. கை தானாகச் சாக்கில் போட்டிருந்தது.

"அம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவ?" என்று கேட்டாள் காவேரி.

"ஓடுதுன்னு சொல்லுவேன்."

பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபோது, அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். கையை ஆட்டினாள். நாகப்பன் கையை உயர்த்தினார். விரலெல்லாம் எண்ணெய், கம்பியைப் பிடித்தபோது வழுக்கியது.