மின்னல் மாறனின் குரல்

"கொஞ்சம் மூச்சை இழுத்துப் புடிங்க சார்" என்றபடி சுப்பராமனின் தொப்பைக்கு மேல் அந்த வெள்ளிநிற பெல்ட்டை மாட்டப் பார்த்தாள் வேம்பு. கொக்கி எட்டவில்லை. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு வீட்டின் சமையலறையில் இரண்டு பேர் நிற்கவே இடம் போதாது.

"எதுக்கு சார் இந்த வேஷம்லாம்? என் தம்பிக்குத்தான் கண்ணு போயிடுச்சே. நீங்க பேசினா போதும்."

சுப்பராமன் அவசரமாகக் கொக்கியைத் தானே இழுத்து மாட்டப் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி. தொடரில் வந்த வீரன் மின்னல் மாறன் இவர்தான். கீழ்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேம்புவும் அவள் தம்பியும் பார்ப்பார்கள். தம்பி கோதண்டபாணிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. இரண்டு கிட்னியும் போய், ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். ஜுரத்தில் அவன் பிதற்றுவதெல்லாம் மாறனின் வசனங்கள். ஒரு வாரம் அலைந்து, அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருந்தவரைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தாள் வேம்பு.

"கோதண்டம், யாரு வந்துகீறாரு தெரியுமா? மின்னல் மாறன்டா."

வீங்கிய முகம் மலர்ந்தது. கையை நீட்டித் துழாவினான். "பேசச் சொல்லுக்கா."

சுப்பராமன் அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். "அஞ்சாதே தம்பி. மாறன் வந்துவிட்டான்."

மெலிந்த, கீச்சென்ற குரல். கோதண்டம் கையை உருவிக்கொண்டான்.

"யாருக்கா இந்த ஆளு?"

"அவருதான்டா."

"சாவப் போறவன்கிட்டயும் பொய் சொல்றியே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வாசலில் சுப்பராமன் தலைகுனிந்து நின்றார். "டி.வி.ல வந்த குரல் என்னுது இல்லம்மா. எனக்கு வேற ஒருத்தர் பேசினார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தர் தேடி வந்தீங்க. சொல்ல மனசு வரல."

வேம்பு உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். குரல் மட்டும்தான் வேறு ஆள், கத்தி சுற்றியதும் குதிரை ஏறியதும் இவரேதான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவன் திரும்பவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் கோபம் அப்படித்தான், அரை நாளாவது நீடிக்கும். சரி, மத்தியானத்துக்குள் தானாகத் தணியட்டும் என்று எழுந்து போய்த் துணி துவைத்தாள், கஞ்சி வைத்தாள்.

மூன்று மணிக்குக் கஞ்சியை ஆற்றி எடுத்துவந்தாள்.

"போதும்டா கோவம். இந்தப் பக்கம் திரும்பு."

தோளைத் தொட்டாள், ஜில்லென்றிருந்தது. தம்ளரைத் தரையில் வைத்தாள். இரண்டு கையாலும் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். கழுத்து விறைத்துப்போயிருந்தது.