பெட்டி விட்ட பஸ்

முதலில் பஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி விஷயம் அதற்குப் பிறகுதான் விளங்கும்.

கார்களுக்கு வயர் கட்டு செய்கிற கம்பெனி எங்களுடையது, ஒரகடத்தில். இரண்டாம் ஷிப்ட் முடிந்து பெண்களை ஏற்றிவரும் பஸ் முன்பெல்லாம் ஊருக்குள் வந்து திரும்பும். டீசல் மிச்சம் என்று சொல்லி அதை வல்லக்கோட்டை கூட்ரோட்டோடு நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஏரிக்கரை ரோட்டில் நடக்க வேண்டும், விளக்கு கிடையாது. எங்களோடு வேலை செய்யும் ஜோதியின் கணவன் சிவசங்கருக்கு மறைமலை நகரில் நைட் ஷிப்ட் என்பதால் வந்து கூட்டிப்போக ஆளில்லை. பஸ் உள்ளே வராவிட்டால் இந்த மாதத்தோடு நின்றுவிடு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஜோதிக்கு நிற்க மனசில்லை. பல வருஷம் கை காய்த்து, இப்போதுதான் லைன் லீடர் ஆகியிருக்கிறாள்.

தொழிலாளர் கமிட்டியில் ஜோதி, ராஜம்மா அக்கா, நான் என்று மூன்று பேர். எச்.ஆர். மேனேஜர் ஹேமந்த் சாரிடம் பேச நேரம் கேட்டோம். பேச்சுவார்த்தை நடத்துவது எப்படி என்று பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன், அது முடியட்டும் என்றார். எங்களோடு பேசுவதற்கு எங்களைத் தள்ளிவைத்துவிட்டுப் பயிற்சி.

பயிற்சி கொடுத்தது ஒரு பெட்டி. செயற்கை நுண்ணறிவாம். பெரிய திரையில் எங்கள் யூனிபார்ம் போட்ட ஒரு பெண் வருவாள். பூமாரி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேனேஜர்கள் அவளோடு பேசிப் பேசித் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் பெட்டி மார்க் போடும். நாடுகளுக்குள் தகராறு வந்தால் தீர்க்கப் போகிற தூதர்கள்கூட இனிமேல் இப்படித்தான் பழகப்போகிறார்கள் என்று அதை விற்க வந்தவர் சொன்னாராம்.

தொழிலாளி எப்படிப் பேசுவாள் என்று பெட்டிக்குத் தெரிய வேண்டுமே. அதற்குத் தொழிலாளியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் லைன் நிற்கும். ஆகவே சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு, நீங்களே தொழிலாளியாக நடித்துப் பேசுங்கள் என்று பதிவு செய்துகொண்டார்கள். சூப்பர்வைசர் நரசிம்மன் இதை எங்களிடம் பெருமையாகவே சொன்னார். ஒவ்வொருவரும் தனக்கு எப்படிப்பட்ட தொழிலாளி வாய்த்தால் தேவலையோ அப்படி நடித்திருக்கிறார்கள். அவள் இரண்டு தடவை முறைப்பாள். மூன்றாவது தடவை, உங்க கஷ்டமும் புரியுது சார் என்று இளகிவிடுவாள். அடுத்து மேனேஜராகவும் நடிக்கச் சொன்னார்களாம். தங்களுக்கு வாய்க்காத மேனேஜரை நடித்துக் கொடுத்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். தூதர்களின் பெட்டிக்கு எதிரி நாட்டை யார் நடித்துக் கொடுக்கிறார்களோ, அங்கே என்ன பிரியாணியோ.

இந்தப் பூமாரியோடு பேசித்தான் ஹேமந்த் சார் தொண்ணூற்று நான்கு மார்க் வாங்கினார். சான்றிதழைக் கண்ணாடி போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

பெட்டியும் அறையில் இருந்தது. நாங்கள் பேசுவதைக் கேட்டு, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று சார் கையிலிருந்த டேப்லெட்டில் எழுதிக் காட்டும். முடிந்ததும் அறிக்கையைத் தானே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். மனிதர் எழுதினால் தாமதமாகிறதாம்.

உங்கள் வலி எனக்குப் புரிகிறது என்று ஆரம்பித்தார் சார்.

"புரிஞ்சா சரி சார். பஸ்ஸு என்னிக்கிலேர்ந்து வரும்?" என்றாள் ராஜம்மா அக்கா.

சார் டேப்லெட்டைப் பார்த்தார். "அந்த ரோட்டுல நடக்கும்போது உங்க மனசுல என்ன தோணுது?"

"இருட்டா கீதேன்னு தோணுது சார்."

பூமாரியாக இருந்தால் இந்நேரம் இளகியிருப்பாள். சார் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார், உலகச் சந்தை நிலவரம் சொன்னார், தன் அம்மாவும் வேலைக்குப் போனவர்தான் என்றார். அக்கா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடி பஸ்ஸிலேயே வந்து நின்றாள். கடைசியில் டேப்லெட் ஒரு வழி காட்டியது: பாத்திரங்களை மாற்றுங்கள், நம்பிக்கை வளரும். அவ்வளவு படித்த மனிதர் அதை அப்படியே வாய்விட்டுப் படித்தார். இப்போது பெட்டிதான் மேனேஜர், ஜோதி அதனிடம் பேசட்டும், தான் கவனிப்பதாகச் சொல்லி ஓரமாக உட்கார்ந்தார்.

பூமாரி போய், கோட்டுப் போட்ட ஓர் ஆள் திரையில் வந்தான்.

ஜோதிக்குக் கூச்சம். தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: "சார், பஸ்ஸு ஊருக்குள்ள வரணும். இல்லாங்காட்டி நான் வேலைய வுட்டுடணும்."

"உங்களை மாதிரி ஒருத்தரை இழக்க எங்களுக்கு மனசில்லை," என்றது பெட்டி. "திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஊருக்குள் வரும். இவ்வளவு நாள் நடக்க வைத்ததற்கு மன்னிச்சிடுங்க. வேற ஏதாவது இருக்கா?"

எங்கள் கம்பெனியில் அந்த நாற்காலியின் பக்கத்திலிருந்து அப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை. ஜோதி எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதான் கேக்குதே, சொல்லுடி," என்றாள் அக்கா. "கேண்டீன் சாம்பார் தண்ணியா கீதுன்னு சொல்லு."

அதற்கும் சரி என்றது. திரை பச்சையானது. ஒப்பந்தம் எட்டப்பட்டது, மதிப்பெண் தொண்ணூற்றேழு.

சார் சிரித்துக்கொண்டே எழுந்தார். இது வெறும் பயிற்சிதானே என்றார்.

"அப்போ இத்தினி நேரம் நீங்க பேசிகினு இருந்தது இன்னா சார்?" என்று அக்கா கேட்டாள்.

சார் டேப்லெட்டை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

ஒப்பந்தம் எட்டப்பட்டது என்ற அறிக்கை மட்டும் அதற்குள் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து சாருக்குப் பாராட்டு வந்தது: பஸ் பிரச்சினையைச் சுமுகமாக முடித்தமைக்கு. இப்போது அவருக்கு இருந்தது இரண்டு வழி. தான் வாங்கச் சொன்ன பெட்டி ஒரு லைன் லீடர் பேசிய இரண்டு வரியில் பஸ்ஸைத் தூக்கிக் கொடுத்துவிட்டது என்று சொல்லலாம். இல்லை, பாராட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸை விடலாம். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவருக்கு முதல் வழி ஏது.

திங்கட்கிழமை பஸ் ஊருக்குள் வந்தது. சாம்பாரும் கெட்டியானது, இரண்டு நாள். சிக்கலான பேச்சுவார்த்தைகளை முடிப்பது எப்படி என்று மற்ற பிளாண்டுகளில் வகுப்பெடுக்க சார் இப்போது ஊர் ஊராகப் போகிறார். அவரைவிட மூன்று மார்க் அதிகம் வாங்கிய ஜோதியை யாரும் கூப்பிடவில்லை. அவள் அதே லைனில்தான் இருக்கிறாள். வேலை இருக்கிறது, அது போதும் என்கிறாள்.

போன வாரம் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பயிற்சிப் பெட்டியோடு தொழிலாளர்கள் நேரடியாகப் பேசக் கூடாது; அறை பூட்டியிருக்கும். பஸ்ஸில் ஜோதி அதைச் சொன்னபோது, ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்த ராஜம்மா அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"கேட்டா குடுத்துடுதேன்னு பூட்டிட்டானுங்க."