கிழமை சொல்லாத மகன்

வினிஃப்ரெட் அம்மையார் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதிலிருந்து தெருவுக்கு ஒரே கேள்விதான்: மகன் கிளைவ் அவளைத் தன்னோடு பிரிஸ்டலுக்கு அழைத்துப்போவானா, மாட்டானா? இங்கிலாந்தின் மீன்பிடி ஊரான கிரிம்ஸ்பியில் அப்போது வேறு சங்கதி இல்லை. மீன்கூட விலை ஏறவில்லை.

அவளுக்கும் அதே கேள்விதான். ஆனால் கேட்கமாட்டாள். பெற்ற பிள்ளையிடம்கூட வாய்விட்டுக் கேட்காத இங்கிலீஷ் ஜனம். கேட்டால் எதிராளிக்கு 'முடியாது' என்று சொல்லவேண்டிய சங்கடம் வந்துவிடுமாம்.

அதனால் அவன் பேச்சைச் சல்லடை போட்டுச் சலித்தாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே ஓய்வுபெற்றவள். நாளைய காரியத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் பல தினுசு உண்டு என்பாள். டிக்கெட் எடுத்தவன், 'சனிக்கிழமை வர்றேன்' என்பான். மனசுக்குள் முடிவெடுத்தவன், 'வரப்போறேன்' என்பான். அந்த நிமிஷம் வாயில் வந்ததைச் சொல்கிறவன்தான் 'வருவேன், வருவேன்'. அவனை நம்பி உலை வைக்காதே என்பது பாடம்.

ஜனவரியில் கிளைவ், "கூட்டிட்டுப் போவேம்மா" என்றான். பிப்ரவரியில், "கூட்டிட்டுப் போகத்தான் போறேன், அறையை ஒழிக்கணும்." ஒரு படி ஏறிவிட்டான் என்று அம்மையாருக்கு முகம் மலர்ந்தது. மார்ச்சில் பழையபடி 'போவேன்' என்று இறங்கிவிட்டான்.

பக்கத்து வீட்டு மாரீனுக்குப் பொறுக்கவில்லை. "என்னிக்கு வர்றேன்னு நேரா கேட்டுடேன், வின்."

"எப்படிக் கேக்குறது? அவனுக்கு இல்லேன்னு சொல்ல வராது, பாவம்."

"ஒடிஞ்சது உன் இடுப்பு. பாவம் அவனா?"

ஏப்ரலில் முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியானது. எப்படிக் காலியானது என்று யாரும் கேட்கவில்லை. அம்மையார் மகனை ஃபோனில் கூப்பிட்டாள். மாரீன் பக்கத்திலேயே இருந்தாள். தெருவுக்கு வந்த சேதி அவள் வழிதான்.

"கிளைவ், இல்லத்துல ஒரு இடம் இருக்காம். யோசிச்சிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். 'வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை போதும். மாரீன் பிஸ்கட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நல்ல இடமாம்மா?" என்றான் கிளைவ்.

"ரொம்ப நல்ல இடம். தோட்டம்கூட இருக்கு." அந்தத் தோட்டத்தை அவள் பார்த்ததே இல்லை. "வெள்ளிக்கிழமை போறேன். எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

அந்தப் பக்கம் அவன் விட்ட மூச்சு மாரீனுக்கே கேட்டது. "அப்ப வந்து பாப்பேம்மா."

"உனக்கெதுக்குப்பா அலைச்சல்?"

அவன் மறுக்கவில்லை.

அம்மையார் ஃபோனை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"மாரீன், அந்த இல்லத்துக்கு ஒரு ஃபோன் போடேன். வெள்ளிக்கிழமை என்னைச் சேத்துக்குவாங்களான்னு கேக்கணும்."